நரம்பின் கடைமடை

உடலுறுப்புகளுள் நாம் மிகக் குறைவாக எண்ணிப் பார்ப்பது பாதத்தையே எனலாம். முள் தைத்தால் எண்ணுகிறோம். செருப்புக் கடித்தால் எண்ணுகிறோம். மற்ற வேளைகளில் அது வாய் பேசாமல் நம்மைச் சுமந்து நடக்கிறது. அந்தப் பாதத்தில் முள்ளும் இல்லை, புண்ணும் இல்லை, வீக்கமும் இல்லை. ஆயினும் நெருப்பை மிதித்தாற்போல எரிகிறது என்று ஒருவர் கூறினால் நாம் என்ன நினைப்போம்? வீண் கற்பனை என்று சிலர் நினைப்பர். உடற்சூடு என்று சிலர் கூறுவர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு கூறியவனே. எச்.ஐ.வி. என்னும் நச்சுக்கிருமி உடலிற் புகுந்தவர்களுக்கு இத்தகைய எரிச்சல் ஏன் உண்டாகிறது என்பதை இன்று உங்களுக்கு எடுத்துரைக்க முற்படுகிறேன். அன்று நான் சொன்ன தவறான விடையே இதற்குக் காரணம்.

2007ஆம் ஆண்டு. காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். எங்கள் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துத் தந்தவர் என்னுடைய பழைய மாணவர். நெடிய உருவம் உடையவர். படித்த காலத்தில் வகுப்பின் கடைசி வரிசையில் உட்காருவார். அவ்வாண்டு சீருடைகள் குறித்த நாளில் வந்து சேரவில்லை. கடைக்குச் சென்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். அவர் கடைக்கதவைச் சாத்திவிட்டு வந்து, தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதையும், ஓராண்டாக அரசு மருத்துவமனையில் மாத்திரை பெற்று உண்டு வருவதையும் தாழ்ந்த குரலில் தெரிவித்தார்.

"உள்ளங்கால் எரிகிறது ஐயா. தையல் இயந்திரத்தின் மிதிபலகையில் கால் வைக்க முடியவில்லை. இரவில் போர்வை பட்டாலும் பொறுக்கவில்லை. அதே காலால் தரையில் நடந்தால், காலுறை போட்டுக்கொண்டு மணலில் நடப்பதுபோல் மரத்திருக்கிறது" என்றார்.

எரிகிறது என்று ஒருவர் கூறிவிட்டு, மறுவாக்கியத்திலேயே மரத்திருக்கிறது என்றும் கூறுவது எனக்கு முரணாகத் தோன்றியது. ஆசிரியப் பயிற்சி பெற்றவனுக்குத் தெரியாதது இல்லை என்னும் செருக்கும் எனக்கு அக்காலத்தில் உண்டு. "எல்லாம் மருந்தின் சூடு, தம்பி. மோர் குடி, இரவில் விளக்கெண்ணெய் தடவு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரு வாரங்கள் கழித்து மறுபடியும் சென்றேன். மோரும் குடித்திருந்தார், எண்ணெயும் தடவியிருந்தார், அவற்றோடு மாத்திரை உண்பதையும் நிறுத்தியிருந்தார். "மருந்தின் சூடு என்று தாங்கள்தாமே சொன்னீர்கள்?" என்றார். அந்த வினா இன்றும் என் காதில் ஒலிக்கிறது. அன்றே அவரை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்றேன். அங்கே மருத்துவர் கூறியவற்றையும், பின்னர் நான் படித்து அறிந்தவற்றையும் முறைப்படி கூறுகிறேன்.

முதலில் கிருமியைப்பற்றிச் சில சொற்கள். 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில், அதுகாறும் நலமாக இருந்த இளைஞர் சிலர் அரியவகை நுரையீரல் நோய்க்கு ஆளானது மருத்துவர்களுக்கு வியப்பை அளித்தது. பின்னர் எய்ட்ஸ் எனப் பெயர் பெற்ற நிலை அதுவே. 1983இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி என்னும் அம்மையாரும் லூக் மோந்தாஞ்யே என்பவரும் அவர்களுடைய குழுவினரும் அந்நிலைக்குக் காரணமான கிருமியைப் பிரித்தெடுத்தனர். அதற்காக இவ்விருவரும் 2008இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர். நம் நாட்டில் இத்தொற்று இருப்பது முதன்முதல் வெளிப்பட்டது சென்னையிலேயே. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியாகிய நிர்மலாவும் அதனைக் கண்டறிந்தனர்.

இக்கிருமி நம் குருதியிலுள்ள வெள்ளணுக்களுள் சி.டி.4 என்று குறிக்கப்படும் வகையைத் தாக்கி அழிக்கிறது. அவை உடலின் காவற்படையை நடத்தும் தலைவர்களைப் போன்றவை. தலைவர்கள் குறையக் குறையப் படை சிதறுகிறது. பிற நோய்கள் எளிதில் உட்புகுகின்றன. இவ்வளவும் நீங்கள் பாடநூலிற் படித்திருப்பீர்கள். ஆனால், வெள்ளணுவைத் தாக்கும் கிருமிக்கும் உள்ளங்கால் எரிச்சலுக்கும் என்ன தொடர்பு? இதுவே நம் வினா.

இதற்கு விடை காண, நரம்பு இன்னதென்று அறிதல் வேண்டும். உங்கள் கால் விரலின் நுனியை ஓர் எறும்பு கடிக்கிறது. அச்செய்தியை ஏந்திச் செல்லும் நரம்பணுவின் உடற்பகுதி காலில் இல்லை. முதுகெலும்பை ஒட்டிய சிறு நரம்பு முடிச்சு ஒன்றில் இருக்கிறது. அணுவின் உடல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. ஆனால், அதிலிருந்து புறப்படும் இழையோ இடுப்பு, தொடை, முழங்கால், கணைக்கால் எல்லாம் கடந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம் ஓடி விரல் நுனியில் முடிகிறது.

அந்த நுனியைப் பேணுவதற்கு வேண்டிய புரதங்களிற் பெரும்பாலானவை, தொலைவிலுள்ள அணுவின் உடலிலேயே உருவாகின்றன. அவை இழையினுள்ளே பயணம் செய்து நுனியை அடைய வேண்டும். விரைந்து செல்லும் பொருள்களே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 400 மில்லிமீட்டர் செல்கின்றன. ஆகவே, முதுகிலிருந்து கால் விரலுக்குச் சென்று சேர இரண்டரை நாள் ஆகிறது. மெதுவாகச் செல்லும் பொருள்களோ நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டரே நகர்கின்றன. அவற்றுக்கு மாதங்கள் வேண்டும்.

காவிரிக் கரையில் வாழ்வோர்க்கு இதனை விளக்க வேறு உவமை தேவையில்லை. வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணையைத் திறப்பார்கள். கல்லணை தாண்டி, ஆறு பிரிந்து, வாய்க்கால் பிரிந்து, கன்னிகள் வழியே ஓடி, இறுதியாக நீர் எட்டும் வயலே கடைமடை. வழியில் எங்கே கரை உடைந்தாலும், எங்கே தூர் மண்டினாலும், முதலில் வாடுவது அந்தக் கடைமடைப் பயிரே. தலைமடையில் இருப்பவர் குறையை உணர்வதற்கு முன்பே கடைமடைக்காரர் வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். நம் உடலில் நரம்பின் கடைமடை பாதம். நரம்பணுவுக்குச் சிறு கேடு நேர்ந்தாலும் மிக நீண்ட இழையின் நுனியே முதலில் வாடுகிறது.

எச்.ஐ.வி.யால் உண்டாகும் நரம்புக்கேடு இந்த முறையையே பின்பற்றுகிறது. இரு பாதங்களிலும் ஒரே காலத்தில் தோன்றுகிறது. விரல்களில் தொடங்கி மெல்ல மேலேறுகிறது. காலில் அது முழங்காலை நெருங்கும்பொழுது கைவிரல்களும் மரத்துப்போகத் தொடங்கலாம். ஏனெனில், முதுகிலிருந்து கைவிரலுக்குள்ள தூரமும் முதுகிலிருந்து முழங்காலுக்குள்ள தூரமும் ஏறத்தாழ ஒன்றே. காலுறையும் கையுறையும் மறைக்கும் இடங்கள் எவையோ, அவையே இந்நோயின் இடங்கள் என்று மருத்துவ நூல்கள் கூறும். நெடிய உடலினருக்கு, அதாவது நரம்பின் நீளம் மிகுந்தவர்களுக்கு, இத்துன்பம் வரும் வாய்ப்பு மிகுதி என்பதும் ஆராய்ச்சியிற் புலப்பட்டுள்ளது. வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்த என் மாணவரை அப்பொழுது நினைத்துக்கொண்டேன்.

இனி, அக்கேடு எவ்வாறு விளைகிறது என்று பார்ப்போம். வியப்பு என்னவெனில், இக்கிருமி பெரும்பாலும் நரம்பணுவினுள் நேரே நுழைவதில்லை. கேட்டினைச் செய்வது அக்கம்பக்கத்திலிருந்தே. நரம்பு முடிச்சுகளில் குப்பை கூட்டும் பணியைச் செய்கின்ற விழுங்கணுக்கள் சில உண்டு. அவற்றுட் கிருமி குடிபுகுகிறது. தூண்டப்பட்ட அவ்வணுக்கள் அழற்சியை விளைக்கும் வேதிப் பொருள்களைச் சொரிகின்றன. போர்க்காலத்தில் பகைவன்மேல் எறியவேண்டிய படைக்கலங்கள் தம் ஊரிலேயே விழுவதை ஒத்தது இது. மேலும், கிருமியின் மேலுறையில் ஜி.பி.120 என்னும் புரதம் ஒன்று உண்டு. அப்புரதம் தனித்து நின்றே நரம்பணுக்களை நலியச் செய்யவல்லது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. இவ்விரண்டு வழியாகவும் அணுவின் உடல் தளர்கிறது. இழைக்குச் செல்லும் ஊட்டம் குறைகிறது. நுனியிலிருந்து பின்னோக்கி இழை பட்டுப்போகிறது.

இங்கே நீங்கள் ஒரு தடை எழுப்பலாம். "நரம்பு பட்டுப்போனால் உணர்ச்சி குன்ற வேண்டும், வலி எங்ஙனம் மிகும்?" நல்ல வினா. நான் முரண் என்று எண்ணியதும் இதனையே.

பள்ளிக்கூடத்து மின்சார மணியை நினைத்துப் பாருங்கள். அதன் கம்பி முற்றும் அறுந்துவிட்டால் மணி ஒலிக்காது. ஆனால், கம்பியின் மேலுறை தேய்ந்து, அங்கங்கே ஒன்றோடொன்று உரசினால்? பொத்தானை எவரும் அழுத்தாமலே மணி ஒலிக்கும். நேரங்கெட்ட நேரத்தில் ஒலிக்கும். நரம்பிழைகளின் நிலையும் இதுவே. முற்றும் மாண்ட இழைகள் செய்தி அனுப்புவதில்லை. அதனால் அவ்விடம் மரத்துப்போகிறது. குற்றுயிராகக் கிடக்கும் இழைகளோ, அவற்றின் அருகே அழற்சியிற் சிக்கிய நல்ல இழைகளோ, எறும்பு கடிக்காமலே கடித்ததாகவும், நெருப்புப் படாமலே பட்டதாகவும் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. ஓயாத இச்செய்தியால் முதுகுத்தண்டும் கூர்மை மிகுந்து, போர்வையின் தொடுகையைக்கூட வலியாகவே படித்துக்கொள்கிறது. ஆகவே, ஒரே காலில் மரப்பும் எரிச்சலும் இருத்தல் முரணன்று. ஒரே நோயின் இருமுகம். என் மாணவர் தம் நோயைப் பிழையின்றி உரைத்திருந்தார். கேட்டவனே பிழைபட்டவன்.

இதுவரை கிருமியின் குற்றத்தைக் கூறினேன். மருந்தின் குற்றமும் ஒன்று உண்டு. 'மருந்தின் சூடு' என்று நான் கூறியது அறியாமையால் எனினும், மருந்துக்கும் அவருடைய எரிச்சலுக்கும் தொடர்பு இருக்கவே செய்தது. ஸ்டாவுடின், டிடனோசின், சால்சிடாபின் என்னும் மூன்று பழைய மருந்துகள் கிருமி பெருகுவதைத் தடுத்தன. ஆனால், நம் உயிரணுக்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் அடுப்புகளாகிய மைட்டோகாண்டிரியாக்களையும் அவை நலியச் செய்தன. ஒரு மீட்டர் நீளமுள்ள இழையைப் பேணும் அணுவுக்கு ஆற்றல் குறைந்தால் எது முதலில் வாடும் என்று நீங்களே கூறிவிடுவீர்கள்.

அவ்வாறாயின் அம்மருந்துகளை ஏன் கொடுத்தார்கள்? நம் நாட்டில் 2004 ஏப்ரல் முதல் நாளன்று அரசு இலவசமாக எச்.ஐ.வி. மருந்து வழங்கத் தொடங்கியபொழுது, குறைந்த விலையில், பிற மருந்துகளோடு ஒரே மாத்திரையாகச் சேர்த்துக் கிடைத்தவற்றுள் ஸ்டாவுடினும் ஒன்று. அது எத்தனையோ பேரைச் சாவின் வாயிலிலிருந்து மீட்டது. உயிரைக் காத்த மருந்தைப் பழித்தல் நன்றியன்று. அதன் குறையை மறைத்தலும் அறமன்று. 2009இல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடுமாறு நாடுகளுக்கு அறிவுறுத்தியது. இன்று அம்மூன்றும் வழக்கொழிந்தன. இப்பொழுது பரவலாக வழங்கப்படும் டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் ஆகிய மூன்றும் சேர்ந்த மாத்திரையில் நரம்புக்கு இத்தகைய இடர் மிகக் குறைவு.

ஆயினும் நரம்புக்கேடு மறைந்துவிடவில்லை. அமெரிக்காவில் ஆறு மருத்துவ நடுவங்களில் எச்.ஐ.வி. தொற்றுள்ள 1,539 பேரைச் சோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 100க்கு 57 பேருக்கு இக்கேட்டின் அறிகுறி ஒன்றேனும் காணப்பட்டது. அறிகுறி உடையோருள் 100க்கு 38 பேர் வலியால் வருந்தினர். வயது முதிர்ந்தோர்க்கும், ஒரு காலத்தில் சி.டி.4 அணுக்கள் மிகத் தாழ்ந்த அளவுக்கு இறங்கியிருந்தவர்களுக்கும் இடர் மிகுதி. காலந்தாழ்த்தாது மருந்து தொடங்குதல் நரம்பைக் காப்பதற்கும் ஒரு வழி என்பது இதனால் விளங்கும்.

மருத்துவர் இந்நோயை எவ்வாறு அறிகிறார்? நான் அன்று நேரிற் கண்டதைக் கூறுகிறேன். நம் பள்ளிச் சோதனைச்சாலையில் ஒலியியல் பாடத்துக்குப் பயன்படுத்தும் இசைக்கவை உண்டல்லவா? விநாடிக்கு 128 முறை அதிரும் அத்தகைய கவை ஒன்றைத் தட்டிப் பெருவிரல் எலும்பின்மேல் வைத்தார். கவை அதிர்ந்துகொண்டே இருந்தது. என் மாணவரோ, "நின்றுவிட்டது" என்றார். குதிகால் நாணைச் சிறு சுத்தியால் தட்டினார், பாதம் அசையவில்லை. ஊசிமுனையை மெல்ல வைத்து, எதுவரை மரத்திருக்கிறது என்று அளந்தார். பின்னர், நீரிழிவு உண்டா, மதுப்பழக்கம் உண்டா, காசநோய்க்கு மருந்து உண்டதுண்டா என்று ஒவ்வொன்றாக வினவினார். அவையும் இதே துன்பத்தைத் தரவல்லவை. காசநோய்க்குத் தரும் ஐசோநயாசிட் என்னும் மருந்து உடலில் பி6 வைட்டமினைக் குறைத்து நரம்பை வருத்தும். அவ்வைட்டமினை உடன் கொடுத்தால் அதனைத் தடுக்கலாம். பி12 வைட்டமின் குறைவும், தொழுநோயும்கூடப் பாதத்தை மரக்கச் செய்யும். ஆதலின், 'எச்.ஐ.வி. உள்ளவர், எனவே எச்.ஐ.வி.யே காரணம்' என்று ஆராயாது முடிவு கட்டலும் ஆகாது.

சோதனை முடிந்தபின் மருத்துவர் என் மாணவரிடம் கூறிய சொற்கள் இவை: "உங்கள் வலி உண்மை. அதற்குக் காரணமும் உண்டு. ஆனால், எங்களிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தியது பெருந்தவறு." மருந்து நின்றால், அடங்கியிருந்த கிருமி மறுபடியும் பெருகும், பெருகும்பொழுது அம்மருந்துக்கு அடங்காத வகைகள் தோன்றலாம், பின்னர் அதே மருந்தைக் கொடுத்தாலும் பயன்படாமற் போகலாம். பாதத்தின் எரிச்சலுக்கு அஞ்சி உயிரையே பணயம் வைப்பதாகும் அது. வேண்டியது மருந்தை விடுதலன்று; மருந்தை மாற்றுதல். மருத்துவரும் அதனையே செய்தார்.

சிகிச்சையைப்பற்றியும் உண்மையை உரைத்தல் வேண்டும். மாண்ட நரம்பிழையை மீண்டும் தளிர்க்கச் செய்யும் மருந்து இன்னும் இல்லை. இழை தானே வளர்ந்தாலும் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும். ஒரு மீட்டருக்கு 1,000 நாள் ஆகிறது. பலருக்கு முழு வளர்ச்சி வருவதும் இல்லை. தலைவலிக்கு உண்ணும் சாதாரண மாத்திரைகள் நரம்பு வலியைப் பெரிதும் தணிப்பதில்லை. மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் தரும் சில மருந்துகளை மருத்துவர் அளந்து கொடுப்பதுண்டு. அவை எல்லோருக்கும் ஒன்றுபோலப் பயன் தருவதில்லை. நம் மிளகாயின் காரச்சத்தாகிய காப்சைசினை 100க்கு 8 பங்கு அடக்கிய ஒட்டுப்பட்டை ஒன்றும் உண்டு. அது வலியுணர்த்தும் நரம்பு நுனிகளை முதலில் தூண்டிப் பின் சில வாரங்களுக்கு ஓயச் செய்கிறது. சோதனைகளில் இந்நோயாளர் சிலருக்கு ஆறுதல் தந்தது. இதனைக் கேட்டுவிட்டு எவரும் அடுக்களை மிளகாயைக் காலில் அரைத்துப் பூச வேண்டா! அது மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் செய்யத் தக்கது.

மரத்த பாதத்தை நாள்தோறும் கண்ணாற் பார்த்துக் காத்தலும் இன்றியமையாதது. கால் சொல்லாததைக் கண்தான் சொல்ல வேண்டும். வெறுங்காலோடு நடத்தலும், வெந்நீரைக் காலால் சோதித்தலும் ஆகா.

என் மாணவருக்கு மருந்தை மாற்றிய பின்னும் சில வாரங்கள் எரிச்சல் கூடியது. இவ்வாறு நேரும் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தமையால் அவர் மனம் தளரவில்லை. பின்னர் அது மெல்லத் தணிந்தது, முற்றும் நீங்கவில்லை. மிதிக்கும் உழைப்பைக் குறைக்க இயந்திரத்துக்கு மின்சார மோட்டார் பொருத்திக்கொண்டார். காலந்தாழ்ந்தேனும் அவ்வாண்டுச் சீருடைகள் வந்து சேர்ந்தன. இன்றும் அவர் தைக்கிறார்.

இத்தொற்று அவருக்கு எவ்வழியில் வந்தது என்று நான் இதுவரை கேட்டதில்லை. நோயுற்றவரிடம் கேட்கத் தக்க வினா, 'எப்படி வந்தது?' என்பதன்று; 'எங்கே வலிக்கிறது?' என்பதே. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கல்வியிலும் வேலையிலும் மருத்துவத்திலும் வேற்றுமை காட்டலாகாது என்று 2017இல் நம் பாராளுமன்றம் சட்டமே செய்தது. அவர்தம் இசைவின்றி அவர் நிலையைப் பிறர்க்கு வெளியிடலும் ஆகாது. ஆனால், கடைக்கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலிற் பேச வேண்டிய நிலையைச் சட்டம் மட்டும் மாற்றிவிடாது; கேட்பவரின் காதும் மாற வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்களுட் சிலர் நாளை மருத்துவர் ஆவீர்கள். சிலர் என்னைப் போல் ஆசிரியர் ஆவீர்கள். எவராயினும், கண்ணுக்குப் புலப்படாத வலியைப்பற்றி ஒருவர் உங்களிடம் கூறினால், முதலில் நம்புங்கள். தெரியாததற்கு விடை கூறாதீர்கள். தெரிந்தவரிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள். நாற்பதை எட்டிய வயதில், தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்த பின்னர், நான் படித்த பாடம் இது. நீங்கள் இளமையிலேயே படித்துக்கொள்ளலாம்.